நெய்வேலி நகரியமும் தெருக் கண்காணிப்புக் கேமராக்களும்

பொது இடத்தில் நடப்பவற்றை இடைவிடாது படம்பிடித்துச் சேமித்துவைக்கும் கருவி கண்காணிப்புக் கேமரா எனப்படும். தமிழ்நாட்டில் சிசிடிவி என்ற பெயரே எல்லோர் வாயிலும் புழங்குகிறது. சென்னைப் பெருநகரக் காவல் துறை தன் திட்டத்துக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தது. திருட்டு, நகைப் பறிப்பு, சாலை விபத்து ஆகியவற்றில் துப்புத் துலக்க இக்கருவி உதவுகிறது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றித் தெருவில் போகும் எவரையும் பதிவு செய்வதால், தனியுரிமை, நடமாடும் உரிமை, அமைதியாகக் கூடும் உரிமை ஆகியவற்றோடு அது மோதவும் செய்கிறது.

இந்த மோதலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கேமரா வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நின்றுவிடுகிறது. நடைமுறையில் ஒருவரின் உரிமையைக் காப்பதும் கெடுப்பதும் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பதிவுதான். அது யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, கேட்டுப் பெற யாருக்கு வழி உண்டு ஆகியவையே முதன்மையான கேள்விகள். கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியம் இக்கேள்விகளைத் தெளிவாகக் காட்டும் ஊர். அங்கே ஒரே சாலையைப் பல கைகள் கண்காணிக்கலாம். ஒவ்வொரு கைக்கும் பொருந்தும் சட்டம் வேறு.

ஊரும் உடைமையும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு 1957 மே 20 அன்று தொடங்கிவைத்தார். 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாறியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து கையகப்படுத்திய நிலத்தில் ஊழியர்களுக்காக எழுப்பப்பட்டதே நகரியம். அதன் குடியிருப்புப் பகுதிகள் வட்டங்கள் எனப்படுகின்றன. முகவரி சொல்லும்போது தெருப் பெயருக்கு முன்பு வட்டத்தின் எண்ணைத்தான் கேட்பார்கள். சாலை, தெருவிளக்கு, குடிநீர், மருத்துவமனை, பள்ளிகள் ஆகியவற்றை நிறுவனத்தின் நகர நிர்வாகமே கவனிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை 1,05,731.

வேறு ஊரில் தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா முளைத்தால் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம். நகரியத்தில் தெரு நிறுவனத்துடையது, குடியிருப்பும் நிறுவனத்துடையது, அதில் வசிப்பவருக்கு மேலதிகாரியும் நிறுவனத்தவரே. வீட்டு உரிமையாளர், உள்ளூர் நிர்வாகம், வேலை கொடுத்தவர் என மூவரும் ஒருவராக இருக்கும் ஊரில் ஒரு கேமராவின் எடை கூடுகிறது. தொழிற்சங்கக் கூட்டத்துக்கு யார் எந்தக் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பினார் என்பது சென்னையில் எவருக்கும் தேவையில்லாத செய்தி. இங்கே அது வேலை கொடுத்தவரின் வன்தட்டில் போய்ச் சேரக்கூடிய செய்தி. பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்த ஊர் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நகரியத்திலும் அதை ஒட்டியும் கேமரா வைத்திருக்கக்கூடியவர்கள் நான்கு வகையினர். முதலாவது நிறுவனம். இது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் என்பதால் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்பின்படி 'அரசு' என்ற சொல்லுக்குள் வரும். அடிப்படை உரிமைகள் அதைக் கட்டுப்படுத்தும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதற்குப் பொருந்தும்.

இரண்டாவது, சுரங்கங்களுக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் காவல் நிற்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படை. இப்படை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. எனவே அது வைத்திருக்கும் தகவலைப் பொதுவாகக் கேட்டுப் பெற முடியாது. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மனித உரிமை மீறல் என்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு 45 நாள் கெடு.

மூன்றாவது தமிழ்நாடு காவல் துறை. அதனிடமும் தகவல் கேட்கலாம். புலன்விசாரணைக்குத் தடையாகும் எனக் கூறி மறுக்கச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு. நான்காவது, கடைக்காரர்கள், வங்கிகள், வீட்டுக்காரர்கள். இவர்களிடம் தகவல் அறியும் உரிமை நேரடியாகச் செல்லாது.

நுழைவாயிலருகே ஒருவர் தாக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அக்காட்சி நிறுவனத்தின் கேமராவில் இருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். அதே காட்சி பாதுகாப்புப் படையின் கட்டுப்பாட்டு அறையில் மட்டும் இருந்தால், மனித உரிமை மீறல் நடந்ததெனக் குற்றஞ்சாட்டி ஆணையம் வரை போக வேண்டியிருக்கும். எதிரேயுள்ள தேநீர்க் கடையின் கேமராவில் இருந்தால் கடைக்காரரின் நல்ல மனத்தைத்தான் நம்ப வேண்டும். கம்பத்தில் இருக்கும் கேமராவைப் பார்த்து அது எந்த வகையைச் சேர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று மட்டும் எழுதும் பலகைகள் யார் கண்காணிக்கிறார் என்று எழுதுவதில்லை.

பதிவின் ஆயுள்

தெருக் கேமராவின் படம் கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டிக்கு வருகிறது. பெட்டிக்குள் ஒரு வன்தட்டு இருக்கும். அது நிறைந்ததும் மிகப் பழைய காட்சியை அழித்து அதன் மேல் புதியதை எழுதும். இதை யாரும் கையால் செய்வதில்லை. பெட்டி தானாகவே செய்கிறது.

எளிய கணக்கு ஒன்று. வழக்கமான 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. இடம் பிடிக்கும். 1 டி.பி. வன்தட்டு ஒரே ஒரு கேமராவுக்கு ஒன்றரை மாதம் தாங்கும். எட்டுக் கேமராக்கள் அதே தட்டில் எழுதினால் ஆறு நாளில் நிறைந்துவிடும். புதிய சுருக்க முறையில் இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். அப்போதும் பன்னிரண்டு நாள்தான். அசைவு இருக்கும்போது மட்டும் பதியுமாறு வைத்தால் இன்னும் சில நாள் நீளும், ஆனால் சந்தை நாளில் கடைத்தெருக் கேமராவுக்கு அசைவில்லாத நேரம் ஏது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பன்னிரண்டு நாளில் அழியும் பதிவைக் கேட்டு முறையாக மனுப்போட்டு முறையாகப் பதில் பெறுபவருக்கு 'பதிவு இல்லை' என்ற விடையே கிடைக்கும். அதில் பொய்யும் இருக்காது. உயிர் அல்லது உடல் சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் எடுக்கப்பட்டவரின் குடும்பத்தார் மனுவின் முதல் வரியிலேயே அப்பிரிவைச் சுட்டுவது நல்லது.

தமிழ்நாட்டில் கேமராக்கள் பெருகிய விதம்

2012 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சென்னைப் புறநகரில் பெருங்குடி, கீழ்க்கட்டளை ஆகிய இடங்களில் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. சந்தேகத்துக்குரிய ஒருவரின் கேமராப் பதிவைக் காவல் துறை பிப்ரவரி 22 அன்று வெளியிட்டது. மறுநாள் அதிகாலையில் வேளச்சேரியில் ஒரு வீட்டில் ஐந்து இளைஞர்கள் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதிவில் இருந்தவர் ஒருவர், இறந்தவர்கள் ஐவர். அந்தப் படம் ஒரு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வரவேண்டிய சான்று. அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. தமிழகத்தில் கேமராவின் ஆற்றலைப் பொதுமக்கள் பரவலாக உணர்ந்த முதல் நிகழ்வுகளில் ஒன்று இது. அதே ஆண்டு பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் கேமரா பொருத்துவதைக் கட்டாயமாக்கும் விதிகளை மாநில அரசு கொண்டுவந்தது.

2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. தப்பி ஓடியவரின் உருவம் அருகிலிருந்த தனியார் கட்டடத்தின் கேமராவில்தான் கிடைத்தது. 'கேமரா ஏன் இல்லை' என்ற கேள்வி அப்போது மாநிலமெங்கும் எழுந்தது. அடுத்த ஆண்டு சென்னைக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஏ.கே. விஸ்வநாதன் 'மூன்றாவது கண்' திட்டத்தை முன்னெடுத்தார். இதன் தனித்தன்மை, பெரும்பகுதிக் கேமராக்கள் கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள், நன்கொடையாளர்கள் ஆகியோரின் பணத்தில் வந்தவை என்பது. 2020இல் சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. ஐதராபாத் 480, லண்டன் 399. இம்முறை மாவட்டங்களுக்கும் பரவியது. வணிகர் சங்கம் கேமரா வாங்கித் தருவதும் காவல் கண்காணிப்பாளர் ரிப்பன் வெட்டுவதும் சிற்றூர்களிலும் வழக்கமான செய்தியாகிவிட்டன.

நன்கொடைக் கேமராவில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுப்பவர் ஒருவர், கம்பம் இன்னொருவருடையது, திரை காவல் நிலையத்தில், பராமரிப்பு யாருக்கும் இல்லை. பழுதானால் அப்படியே தொங்கும். பதிவு கசிந்தால் யார் பொறுப்பு என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.

கேமரா குற்றத்தைக் குறைக்கிறதா? குறைக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பைஸா, வெல்ஷ், ஃபாரிங்டன் முதலிய குற்றவியல் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, கேமரா உள்ள பகுதிகளில் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்தது. இந்தக் குறைவு வாகன நிறுத்தங்களில் தெளிவாகத் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க விளைவு காணப்படவில்லை. வண்டித் திருடன் கேமராவைப் பார்த்துத் தயங்குகிறான். ஆத்திரத்திலோ போதையிலோ கத்தியை எடுப்பவன் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. பூட்டிய குவார்ட்டர்ஸில் திருட்டு, நடைப்பயிற்சி செல்லும் பெண்களிடம் சங்கிலிப் பறிப்பு போன்ற கவலைகள் உள்ள குடியிருப்பு நகரம் கேமரா கேட்பதில் வியப்பில்லை. இரவுப் பணி முடித்துத் திரும்புவோருக்கு விளக்கும் கேமராவும் உள்ள சாலை ஆறுதல்தான். தனியுரிமை பேசுபவர்கள் இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

காவல் நிலையத்துக்குள் திரும்பும் கேமரா

தெருவைப் பார்க்கும் கேமரா குடிமக்களைக் கண்காணிக்கிறது. அதே கருவி காவல் நிலையத்தின் உட்புறம் திரும்பினால் குடிமக்களின் காவலாகிறது. இந்த இரண்டாவது வகையில்தான் பதிவுகள் அடிக்கடி காணாமல் போகின்றன என்பது கவனிக்க வேண்டியது.

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்ததாகக் கூறி வணிகர்களான தந்தையையும் மகனையும் காவல் துறையினர் பிடித்துச் சென்றனர். சில நாளில் இருவரும் இறந்தனர். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி காவல் நிலையத்துக்குச் சென்று விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் குறிப்பிட்டார். வன்தட்டில் 1 டி.பி. அளவுக்கு இடம் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு நாளும் பதிவு தானாக அழியுமாறு அமைப்பு மாற்றிவைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதிக் காட்சிகள் கிடைக்கவில்லை. கேமரா இருந்தது, மின்சாரம் இருந்தது, இடமும் இருந்தது. அமைப்புப் பட்டியலில் ஒரே ஒரு தேர்வு எல்லாவற்றையும் பயனற்றதாக்கிவிட்டது.

அதே ஆண்டு இறுதியில் நெய்வேலியும் இத்தகைய செய்தியில் அடிபட்டது. நெய்வேலி நகரியக் காவல் நிலையத்தார் திருட்டு வழக்கில் கைது செய்த முந்திரி வணிகர் ஒருவர், விருத்தாசலம் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட நிலையில், நவம்பர் முதல் வாரத்தில் இறந்தார். காவல் துறையினர் அடித்ததே காரணம் எனக் குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. இத்தகைய குற்றச்சாட்டில் இரு தரப்புக்கும் இடையே உண்மையைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றுதான்: நிலையத்தின் நடைவழியிலும் பூட்டறையிலும் உள்ள கேமரா. அடித்தது பொய் என்றாலும் அதை நிலைநாட்டக் காவலர்களுக்கு அதே பதிவுதான் வேண்டும்.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் விரிவான உத்தரவு பிறப்பித்தது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், வெளிவாயில், பூட்டறைகள், நடைவழிகள், வரவேற்பு, ஆய்வாளர் அறை எனக் கேமரா இல்லாத பகுதி இருக்கக் கூடாது. இரவிலும் தெரியும் கேமராவாக, ஒலியும் பதிவதாக இருக்க வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கொள்திறன் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா இருப்பதையும், மனித உரிமை மீறப்பட்டால் முறையிடலாம் என்பதையும் உள்ளூர் மொழியிலும் எழுதி நுழைவாயிலில் வைக்க வேண்டும். மாநில, மாவட்ட அளவில் மேற்பார்வைக் குழுக்கள் வேண்டும். கைது செய்து விசாரிக்கும் அதிகாரமுள்ள மத்திய அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

முன்பு பார்த்த கணக்கின்படி 18 மாதப் பதிவுக்கு ஒரு கேமராவுக்கு மட்டும் 11 டி.பி.க்கு மேல் வேண்டும். சிறிய நிலையத்தின் பத்துக் கேமராக்களுக்கு 110 டி.பி.யைத் தாண்டும். கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டியில் இது நடக்காது. உத்தரவை நிறைவேற்றப் பணமும் திட்டமும் வேண்டும் என்பதும், அவை ஒதுக்கப்படாத நிலையத்தில் 'கேமரா உள்ளது' என்ற பதிலுக்குப் பெரிய பொருள் இல்லை என்பதும் இந்த எளிய பெருக்கலிலேயே தெரிந்துவிடும். 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் இயங்காமை பற்றிய செய்தியை ஒட்டி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மீண்டும் வழக்கை எடுத்துக்கொண்டது.

பதிவைத் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாரணாசி வழக்கு ஒன்று முன்மாதிரியாக உள்ளது. விடுதி அறையில் நண்பர் இறந்ததற்காக இத்தாலியர் இருவர் கொலைக் குற்றவாளிகள் எனத் தண்டிக்கப்பட்டனர். அன்று விடியற்காலையில் தாங்கள் அறையிலேயே இல்லை என்பது அவர்கள் வாதம். விடுதியின் கேமராப் பதிவை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைக்கவே இல்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அரசுத் தரப்புக்கு எதிராக எடுத்துக்கொண்டு இருவரையும் விடுவித்தது. கையில் இருந்த சிறந்த சான்றை மறைத்தால், அது தனக்குப் பாதகமானது என்றே கொள்ளப்படும்.

ஆர்ச் கேட் முன்பு

நெய்வேலியில் கேமராவும் கூடும் உரிமையும் சந்திக்கும் இடம் நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட். சுரங்க விரிவாக்கத்துக்கான நிலம், இழப்பீடு, வேலை ஆகியவை பற்றிய போராட்டங்கள் பல இங்கேதான் வந்து நிற்கும். பரவனாறு மாற்றுக் கால்வாய்ப் பணிக்காக 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் மண் அகழும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, அன்புமணி ராமதாஸ் தலைமையில் பாட்டாளி மக்கள் கட்சி முற்றுகைப் போராட்டம் நடத்தியது. அவர் கைது செய்யப்பட்டதை அடுத்து மோதல் மூண்டது. கல்வீச்சு, தடியடி, தண்ணீர் பீய்ச்சல், வானத்தை நோக்கித் துப்பாக்கிச்சூடு என அது முற்றியது. காவலர்கள் உட்படப் பலர் காயமடைந்தனர்.

இத்தகைய நாளின் பதிவில் கல் எறிந்தவரும் இருப்பார். நிலம் போன துயரத்தில் வந்து ஓரமாக நின்றவரும் இருப்பார். பேருந்துக்காகக் காத்திருந்தவரும் இருப்பார். கல் எறிந்தவரை அடையாளம் காண்பது காவல் துறையின் கடமை. அதற்குப் பிறகு மற்றவர்களின் முகங்கள் என்ன ஆகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டில் கேட்டுப் பெறக்கூடிய எழுத்து விதி இல்லை. அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் உரிமை. ஆனால் கூட்டத்துக்குப் போனால் படம் கோப்பில் ஏறும், நாளை கடவுச்சீட்டுச் சரிபார்ப்பில் கேட்பார்கள், ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிடுவார் என்ற பேச்சு ஊரில் பரவினாலே போதும். யாரையும் தடுக்காமலேயே கூட்டம் மெலிந்துவிடும். கடவுச்சீட்டுக் கதை உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் பர்மிங்காம் நகரத்தில் 2010இல் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் பொருத்தப்பட்டன. வழக்கமான குற்றத் தடுப்புக்கு என்று மக்களிடம் சொல்லப்பட்டது. பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது பின்னர் வெளிப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் கேமராக்கள் உறையிட்டு மூடப்பட்டு, 2011இல் கழற்றப்பட்டன. ஒரு பகுதி மக்கள் ஏன் தாங்கள் மட்டும் என்று கேட்கும்போது, கேமரா எதற்காக என்பதை முன்பே எழுத்தில் சொல்லியிருப்பது எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முகம் அறியும் மென்பொருள்

சாதாரணக் கேமராவின் பதிவில் ஒருவரைக் கண்டுபிடிக்க இன்னொரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தச் சிரமமே இதுவரை ஒரு வேலியாக இருந்தது. முகம் அறியும் மென்பொருள் அந்த வேலியை நீக்கிவிடுகிறது. அது முகத்தின் வடிவத்தை எண்களாக மாற்றிச் சேமித்த முகங்களோடு ஒப்பிடும். வெளிச்சம், கோணம், வயது ஆகியவற்றால் தவறு நேரும். அது தரும் விடை 'இவர்தான்' என்பதாக இராது, இத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்ற மதிப்பீடாகவே இருக்கும்.

சென்னைக் காவல் துறை 2017இலேயே தியாகராய நகரின் பண்டிகைக் கூட்டத்தில் இத்தகைய செயலியைப் பயன்படுத்தியது. 2021 அக்டோபரில் கொல்கத்தாவின் சி-டாக் மையம் உருவாக்கிய மென்பொருள் மாநிலம் முழுவதற்கும் வந்தது. கைப்பேசியில் எடுத்த படத்தை ரோந்துக் காவலரே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2024 மே மாதம் இந்த அமைப்பின் இணையதளத்துக்குள் ஒரு பயனர் கணக்கு வழியாக வெளியார் நுழைந்தது தெரியவந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது.

இத்தொழில்நுட்பத்தைத் தனியாக ஒழுங்குபடுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.கியூ. மசூத், ஊரடங்கில் தெருவில் நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிக் காவலர்கள் படம் எடுத்ததை அடுத்து, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் காவல் துறை இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய முறை சட்டத்துக்குப் புறம்பானது என 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரை, எங்கே தேடுவது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கு விட்டதே முதன்மையான குறை.

சட்டத்தின் இன்றைய நிலை

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு அந்நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. தெருக் கேமராக்கள் முதல் படியிலேயே தடுமாறுகின்றன. அவற்றுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அரசாணை, சுற்றறிக்கை, நன்கொடை ஆகியவற்றின் மேல்தான் நிற்கின்றன.

2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே. குற்றத்தைத் தடுக்கவும் துலக்கவும் கையாளும் தரவுக்கு அதன் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை மட்டும் மிஞ்சுகிறது. மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு அதுவும் இல்லை. வீட்டுத் தேவைக்காகத் தனியொருவர் கையாளும் தரவையும் சட்டம் தொடுவதில்லை. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) எனப்படும் தனிநபர் தகவல் விலக்கையும் விரித்துவிட்டது. பதிவில் பிறர் முகமும் இருக்கிறது எனக் கூறி மறுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது.

பதிவு தேவைப்படுபவர் செய்ய வேண்டியவை

நிகழ்வு நடந்த அன்றோ மறுநாளோ, இடம், கேமரா இருக்கும் கம்பம் அல்லது கடை, தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவற்றைக் குறித்து, அப்பதிவை அழிக்காமல் வைக்குமாறு எழுத்தில் கேட்க வேண்டும். நகரியச் சாலை என்றால் நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் நகர நிர்வாகத்துக்கும், காவல் நிலையம் என்றால் நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நகல் கேட்பதைவிட அழிக்காதே என்று கேட்பதே முதலில் செய்ய வேண்டியது; நகலைப் பிறகு நீதிமன்றம் வழியாகவும் பெறலாம். எழுதிக் கேட்ட பிறகும் பதிவு அழிந்தால், வாரணாசி வழக்கின் வழியில் வாதிட அந்தத் தபால் ரசீது உதவும்.

கடையிலோ வீட்டிலோ உள்ள பதிவைக் கொண்டுவரச் சொல்ல, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கும் காவல் நிலைய அலுவலருக்கும் அதிகாரம் உண்டு. இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு. கிடைத்த நகலைக் கைப்பேசியில் வைத்திருப்பது மட்டும் சான்றாகாது. பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும்; இது பழைய 65பி சான்றிதழின் இன்றைய வடிவம். அசல் கருவியைக் கொண்டுவராதபோது அச்சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. எனவே கடைக்காரர் பென் டிரைவில் ஏற்றித் தரும்போதே கருவியின் வகை, பெட்டியில் காட்டும் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, எடுத்தவர் பெயர், தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது வழக்கறிஞருக்குப் பின்னால் பெரிதும் உதவும். பதிவுப் பெட்டிகளின் கடிகாரம் மின்தடைக்குப் பிறகு பத்து இருபது நிமிடம் பிந்தியோ, சில வேளை ஆண்டே மாறியோ ஓடுவது சாதாரணம்.